தும்பாயி மலைக்கு இந்தப் பக்கம்

கோலேகாவிலிருந்து ஷேண்டேவாடிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். நடுவில் தும்பாயி மலை. பத்தொன்பது வருடமாக அந்த வழியில் அரசு பஸ் ஓட்டுகிறேன். ஷேண்டேவாடியில் பெண் எடுத்து அங்கேயே வீடும் கட்டிக்கொண்டவன் நான். ஜூலை மாதத்தில் கோலேகாவில் வண்டியை எடுக்கும்போது வைப்பர் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும். உச்சியில் இருக்கிற தும்பாயி கோயிலைத் தாண்டி மூன்றாவது வளைவு இறங்கியதும் அதை நிறுத்திவிடுவேன். அதற்கப்புறம் கண்ணாடியில் துடைப்பதற்குத் தூசியைத் தவிர ஒன்றும் இருக்காது.

அந்த மூன்றாவது வளைவுக்காக அரசாங்கத்தோடு சண்டை போட்டவள் ஷாலன் விர்கர்.

ஷாலன் ஆடு மேய்க்கும் தனகர் வீட்டுப் பெண். தீபாவளி முடிந்ததும் அவளுடைய அப்பாவும் அம்மாவும் முந்நூறு செம்மறிகளை ஓட்டிக்கொண்டு சஹ்யாத்ரியைத் தாண்டி கொங்கணத்துக்கு இறங்கிவிடுவார்கள். மழைக்கு முன்னால் திரும்பி ஏறிவிட வேண்டும். செம்மறிக்கு ஈரம் ஆகாது. ஜூன் மாதத்தில் அங்கே மாட்டிக்கொண்டால் குளம்பு அழுகும், மயிருக்குள் புழு வைக்கும். ஒரு வருடம் நான்கு நாள் தாமதமாகிவிட்டது. மலைச்சரிவிலேயே மழை பிடித்துக்கொண்டது. நாற்பது ஆடுகள் செத்தன. அப்போது ஷாலனுக்கு ஒன்பது வயது. பின்னால் கறுப்புச் சுவர் மாதிரி மழை துரத்திக்கொண்டு வந்ததையும், மலையின் இந்தப் பக்கம் இரண்டு நாள் நடந்ததும் அது நின்றுவிட்டதையும், அதற்குப் பிறகு வெயிலில் உட்கார்ந்து கம்பளியை உலர்த்தியதையும் அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். மழை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அவள் காலுக்குத் தெரியும்.

ஏழாவது வரைக்கும் படித்தாள். பதினெட்டு வயதில் ஷேண்டேவாடியில் தோண்டிபாவுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவனும் வருடத்தில் பாதி நாள் ஆடுகளோடு வெளியே போய்விடுவான். மூன்று ஏக்கர் கம்பங்கொல்லை, இரண்டு எருமை, ஒரு கில்லார் பசு, எல்லாம் ஷாலன் பொறுப்பு.

ஒருநாள் புதிதாக வந்த கண்டக்டர் பஸ்ஸில் அவளைச் சீண்டினான்.

"என்ன அக்கா, கோலேகாவ்லயும் அதே மேகம், உங்க ஊர்லயும் அதே மேகம். அங்க கொட்டுது, இங்க சொட்டு விழல. உங்க ஊர்க்காரங்க என்ன பாவம் செஞ்சீங்க?"

"பாவம் புண்ணியம் பாத்துப் பெய்யறதுன்னா உன் தலையில முதல்ல இடிதான் விழணும்" என்றாள் ஷாலன். பஸ்ஸே சிரித்தது. "கேட்டுக்கோ. கடல்லேருந்து காத்து குடம் குடமா தண்ணி தூக்கிட்டு வருது. எதுக்க சஹ்யாத்ரி நிக்குது. ஏறித்தான் ஆகணும். ஏற ஏற குளுரும். குளுந்தா குடம் தாங்காது, கவுந்துடும். மகாபலேஷ்வர்லயே முக்கால்வாசி காலி. மிச்சம் இருக்கறதை இந்தத் தும்பாயி பிடுங்கிக்கிறா. அப்புறம் காத்து எங்க பக்கம் இறங்குது. இறங்கற காத்து சூடாயிடும். தர்றதுக்குப் பதிலா, எங்க மண்ணுல இருக்கற ஈரத்தையும் உறிஞ்சிட்டுப் போயிடும். கல்யாண வீட்டுல மூக்குப்பிடிக்கத் தின்னவன் நம்ம வாசல்ல வந்து ஏப்பம் விட்டுட்டுப் போவான் பாரு, அந்த மாதிரி மேகம்தான் எங்களுக்கு வர்றது."

கண்டக்டர் டிக்கெட் கொடுக்கப் பின்பக்கம் போய்விட்டான்.

சண்டை தொடங்கிய வருடத்தில் ஆகஸ்ட் பாதி வரைக்கும் எங்களுக்கு மழையே இல்லை. கம்பு முழங்கால் உயரத்தில் கருகிப்போனது. கிணற்றில் வாளி தரை தட்டியது. டேங்கர் தண்ணீரும், மாடுகளுக்குத் தீவன முகாமும் கேட்டு ஊரே கோலேகாவ் மண்டல அலுவலகத்துக்குப் போனது. மண்டலத்துக்கு ஒரே ஒரு மழைமானிதான். அதுவும் கோலேகாவ் அலுவலக வளாகத்தில், கம்பி வேலிக்குள் இருக்கிறது. அதில் பதிவாகிற மழைதான் மண்டலத்தின் பதினொரு ஊருக்கும் மழை.

மண்டல அதிகாரியை நாங்கள் சர்க்கிள் சாகேப் என்போம். அவர் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"உங்க மண்டலத்துல மழை போதுமான அளவு பெய்ஞ்சிருக்கே. கருவி பொய் சொல்லாது."

கூட்டத்தில் பின்னால் நின்றிருந்த ஷாலன் முன்னால் வந்தாள். "கருவி பொய் சொல்லல சாகேப். அது மலைக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு அந்தப் பக்கத்து உண்மையச் சொல்லுது. எங்க பக்கத்து உண்மைய யார் சொல்றது?"

"நீ என்ன வானிலை ஆபீசரா?"

"இல்ல. அந்த மலைய ஏறி இறங்கறவ."

சாகேப் பேனாவை மூடினார். "உங்க ஊருக்கு மழை வேணும்னா மலையக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கோ." பக்கத்தில் இருந்த குமாஸ்தாக்கள் சிரித்தார்கள்.

அந்த வருடம் டேங்கரும் வரவில்லை, முகாமும் வரவில்லை. காய்ந்த கரும்புத் தோகையைப் போட்டு மாடுகளைக் காப்பாற்றப் பார்த்தோம். பிப்ரவரியில் ஷாலனுடைய பெரிய எருமை படுத்தது, எழுந்திருக்கவில்லை. நான்கு பேர் வயிற்றுக்கடியில் மூங்கில் கொடுத்துத் தூக்கினோம். நின்றது, மறுபடி சரிந்தது. மூன்றாம் நாள் செத்தது. ஷாலன் அழவில்லை. கொட்டகையைக் கழுவிவிட்டு வந்து என் மனைவியிடம், "அவன் மலையத் தள்ளச் சொன்னான். தள்ளத் தெரியாது. ஆனா மலை எங்க இருக்குன்னு அவனுக்குக் காட்டத் தெரியும்" என்று மட்டும் சொன்னாளாம்.

மே மாதம் ஆறு பெயின்ட் டப்பாக்களோடு அவள் என் பஸ்ஸில் ஏறினாள். எல்லாம் ஒரே அளவு, வாயும் அடியும் ஒரே அகலம். உள்பக்கம் மடிந்திருந்த விளிம்பைத் தகரக் கத்திரியால் வெட்டி எடுத்திருந்தாள். மழை நேராக உள்ளே விழ வேண்டும், விளிம்பில் பட்டுத் தெறிக்கக் கூடாது. கோலேகாவில் அவளுடைய அத்தை ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டு முற்றம் மண்டல அலுவலக வேலியை ஒட்டியது. முதல் டப்பாவை அங்கே, அரசாங்க மழைமானியிலிருந்து இருபதடி தூரத்தில், ஒரு கல்மேடையில் பதித்தாள். இரண்டாவது பாதி ஏற்றத்தில், மூன்றாவது உச்சியில் கோயில் பின்புறம், நான்காவது டப்பா மூன்றாவது வளைவுக்குக் கீழே, ஐந்தாவது எங்கள் ஊரில் அவள் கொல்லையில். ஆறாவது இன்னும் கிழக்கே, மேட்டுப்பாடி என்கிற ஆட்டிடையர் குடியிருப்பில். எதுவும் மரத்துக்கு அடியில் இல்லை, சுவரை ஒட்டியும் இல்லை.

"எதுக்கு அக்கா இது? பறவைக்குத் தண்ணியா?" என்று கேட்டேன்.

"அரசாங்கத்துக்குத் தண்ணி காட்டப்போறேன், டிரைவர் அண்ணா."

ஜூன் ஒன்றாம் தேதியிலிருந்து தினமும் காலை ஆறரை மணி பஸ்ஸில் கோலேகாவ் வருவாள். எட்டு மணிக்கு முதல் டப்பாவில் அடிக்கோலை விட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பாள், எழுதுவாள், தண்ணீரைக் கொட்டுவாள். அங்கிருந்து நடை. பஸ் போகிற சாலையில் இல்லை, ஆட்டுப் பாதையில். ஒவ்வொரு டப்பாவாக அளந்துகொண்டு மலை ஏறி இறங்கி மதியத்துக்கு மேல் வீடு சேர்வாள். அப்புறம் மேட்டுப்பாடி. மடியில் இரண்டு கம்பு பாக்ரி ரொட்டி, கொஞ்சம் பச்சை மிளகாய்த் துவையல். மேற்குப் பக்கம் முழுக்க நனைந்துகொண்டு வருகிறவளுக்கு, கிழக்கே இறங்குவதற்குள் உடம்போடு புடவை உலர்ந்துவிடும். காய்ச்சல் வந்த நாளும் போனாள். அவள் போக முடியாமல் போனது இரண்டே நாள்தான். அன்றைக்கு நோட்டில் 'அளக்கவில்லை' என்று எழுதியிருந்தாள்.

ஊருக்கு இது பெரிய வேடிக்கை. டப்பாபாய் என்று பெயர் வைத்தார்கள்; எங்கள் பக்கத்தில் பாய் என்றால் அம்மா. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கும் வெட்டிக் கும்பல், "டப்பாபாய், இன்னிக்கு எத்தனை லிட்டர்?" என்று கூவும்.

"ஆமாடா, டப்பாபாய்தான். உங்க வீட்டு டப்பாவெல்லாம் காலி. என்னோடதுல ரெண்டு மில்லியாவது கெடக்கு" என்பாள், நடையை நிறுத்தாமலே.

ஜூலை முடிவில் ஒரு விஷயம் தெரிந்தது. அவளுடைய கோலேகாவ் டப்பாவும், வேலிக்குள் இருந்த அரசாங்கக் கருவியும் கிட்டத்தட்ட ஒன்றையே சொன்னன. அலுவலகப் பலகையில் எழுதுகிற அளவை அவள் தினமும் பார்த்துத் தன் நோட்டில் பக்கத்திலேயே குறித்து வந்தாள். ஒரு மில்லி, இரண்டு மில்லிக்கு மேல் வித்தியாசம் இல்லை. உச்சியில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். மூன்றாவது வளைவுக்குக் கீழே பாதி. எங்கள் ஊரில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை.

செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு மாலை கிழக்கேயிருந்து இடியோடு மழை வந்தது. காற்று திரும்பத் தொடங்கும் காலம் அது. அந்த மழைக்குத் தும்பாயி மறுபக்கம் நிற்பாள். எங்களுக்குப் பெய்யும், கோலேகாவுக்குத் தூறலோடு சரி. மறுநாள் ஷாலன் தன் கொல்லை டப்பாவைப் பார்த்தால், குப்புறக் கிடந்தது. ஆட்டு வேலை என்றுதான் முதலில் நினைத்தாள். தோண்டிபாவின் தம்பி சர்ஜேராவ் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"அண்ணி, நான்தான் கவுத்தேன்."

"ஏன்டா?"

"அதை எழுதினா நம்ம ஊருக்கு ஒண்ணும் கெடைக்காது. இருபத்தெட்டு மில்லி அண்ணி! எல்லாம் பாழாப் போயிருக்கும்."

"இருபத்தெட்டுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அளந்துட்டுத்தானே கவுத்தேன்."

ஷாலன் நோட்டையும் பேனாவையும் அவன் மார்பில் தள்ளினாள். "எழுது. உன் கையாலயே எழுது. அளந்தது இருபத்தெட்டு, கவுத்தது சர்ஜேராவ்."

"அண்ணி, ஊரே நம்பிட்டிருக்கு..."

"அவங்க அந்தப் பக்கத்து மழைய நம்ம தலையில கட்டினாங்க. நீ நம்ம தலையில பெய்ஞ்ச மழைய இல்லேங்கற. உனக்கும் அந்தச் சர்க்கிளுக்கும் என்னடா வித்தியாசம்? எழுது!"

எழுதினான். மேட்டுப்பாடி டப்பாவில் அன்று இருபத்தாறு இருந்தது. அதையும் அடுத்த வரியில் எழுதிக்கொண்டாள். இது ஊரில் பரவியதும் பலர் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். 'கிடைக்கப்போவதையும் கெடுத்துவிட்டாள்' என்று என் வீட்டு வாசலில் மனைவி நடத்தும் தின்பண்டக் கடையிலேயே பேசினார்கள். என் மனைவி கூட ஒருநாள், "அக்காவுக்கு இந்த அளவு பிடிவாதம் ஆகாது" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஒரு மழையில் கம்பு பிழைக்கவில்லை. செப்டம்பர் பாதியில் ஷாலன் நோட்டோடு மண்டல அலுவலகத்துக்குப் போனாள். அன்று அவளோடு ஆறு பெண்கள்தான் போனார்கள்.

"என்ன பாய், மலையத் தள்ளியாச்சா?" என்றார் சர்க்கிள் சாகேப்.

"மலை அங்கயேதான் இருக்கு சாகேப். அதைத்தான் சொல்ல வந்தேன்."

நோட்டை நீட்டினாள். அவர் தொடவில்லை. "பெயின்ட் டப்பாவுக்கெல்லாம் சட்டத்துல இடம் இல்ல. கருவிப்படி உங்க மண்டலத்துக்கு இந்த வருஷமும் மழை போதும். கெளம்பு."

ஷாலன் கிளம்பினாள். ஊர் வந்து இறங்கியதும் அவள் வீடு வீடாகப் போனாள், பேசாமல் இருந்தவர்கள் வீட்டுக்கும். என்ன சொன்னாளோ தெரியாது. மறுநாள் காலை என் பஸ்ஸை மலை அடிவாரத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. சாலை முழுக்க மாடுகள். நூற்றுமுப்பது உருப்படி. விலா எலும்பை எண்ணிவிடலாம். முன்னால் ஷாலன், பக்கத்தில் அவளுடைய கில்லார் பசு. பின்னால் பெண்களும் கிழவர்களும், வால் மாதிரி சர்ஜேராவ்.

"எங்க அக்கா?"

"எங்க பங்கு புல்லு கோலேகாவ்ல இருக்கு அண்ணா. மேய்ச்சுட்டு வர்றோம். ஹாரன் அடிக்காத, மாடு மிரளும்."

மண்டல அலுவலக வளாகத்திலும் அதை ஒட்டிய புறம்போக்கிலும் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. மாடுகள் சொல்லாமலே இறங்கின. வேலிக் கம்பங்களில், கொடிமரத்தில், சாகேபின் மோட்டார் சைக்கிள் நிற்கும் கொட்டகையில் எல்லாம் கயிறு கட்டப்பட்டது. சாகேப் வெளியே ஓடி வந்தார்.

"என்ன இது? அரசாங்க இடம்!"

"அரசாங்க இடம்தான் சாகேப். அரசாங்கக் கணக்குப்படி எங்க ஊர் மழை இங்கதான் பெய்ஞ்சிருக்கு. அதுல மொளைச்ச புல்லும் எங்களோடதுதானே? மழைய எங்க பேர்ல எழுதிக்கிட்டு, புல்லை மட்டும் நீங்க வெச்சுக்குவீங்களா?"

கோலேகாவ் ஆட்கள் சிலர் தடியோடு வந்தார்கள். ஷாலனின் அத்தை ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்து, கில்லார் பசுவின் முன்னால் வைத்தாள். பிறகு தடிக்காரர்களைப் பார்த்து, "யார்ரா அது? உங்க மாடு செத்தா எங்க போவீங்க? முதல்ல ஆளுக்கொரு வாளி தண்ணி கொண்டாங்க" என்றாள். இரண்டு பேர் தடியைக் கீழே போட்டார்கள். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். போலீஸ் வண்டி ஒன்று வந்தது. ஷாலன் அவர்களிடம், "மாட்டைக் கைது பண்ணினா தீவனம் நீங்க போடணும்" என்றாள். வண்டி சாலை ஓரத்திலேயே நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் தாலுகாவிலிருந்து தாசில்தார் மேடம் வந்தார். புதிதாக வந்த அதிகாரி. தூறிக்கொண்டிருந்தது. வராந்தாவில் நின்றபடியே நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். நான் பஸ்ஸை எதிரே நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் அவர் கண் நின்றது.

"கவுத்தது சர்ஜேராவ். யார் இது?"

சர்ஜேராவ் ஓர் எருமைக்குப் பின்னால் மறைந்துகொண்டான்.

"என் கொழுந்தன் மேடம்" என்றாள் ஷாலன்.

"இந்தப் பக்கம் உங்களுக்கு எதிரா இருக்கே. ஏன் வெச்சிருக்கீங்க?"

"பெய்ஞ்சுதே மேடம். பெய்ஞ்சதைப் பெய்யலன்னு எழுத நான் எதுக்கு மலை ஏறணும்? வீட்டுலயே உக்காந்து எழுதியிருப்பேனே."

மேடம் நோட்டை மூடிக் கையிலேயே வைத்துக்கொண்டார். "இடத்தைப் பாக்கணும்" என்று ஜீப்பைப் பார்த்தார்.

"எங்க பஸ்ல வாங்க மேடம். கெளம்பற நேரம்தான். சனங்க பேசறதையும் கேட்டுட்டு வரலாம்" என்றாள் ஷாலன்.

முன் இருக்கையில் மேடமும் ஷாலனும் உட்கார்ந்தார்கள். சர்க்கிள் சாகேப் ரெயின்கோட் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார். ஏற்றத்தில் மழை வலுத்தது. கோயிலருகே எதிரே வரும் வண்டி தெரியவில்லை. இறங்கத் தொடங்கியதும் மெலிந்தது. மூன்றாவது வளைவில் வைப்பர் காய்ந்த கண்ணாடியில் கரகரவென்று தேய்ந்தது.

"நிறுத்துங்க" என்றார் மேடம்.

நான் வைப்பரை நிறுத்தினேன்.

"பஸ்ஸை நிறுத்துங்க!"

நிறுத்தினேன். அவர் இறங்கினார். மேலே வெயில் அடித்தது. சாலையோரம் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார். அது விரலிடுக்கில் புழுதியாகப் பறந்தது. திரும்பி மலையைப் பார்த்தார். உச்சியில் மேகம் வெள்ளைத் தலைப்பாகை மாதிரி உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து ஒரு நூல் கூட இந்தப் பக்கம் இறங்கவில்லை. அந்த நேரத்தில்தான் சர்க்கிள் சாகேப் வந்து சேர்ந்தார், ரெயின்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. பளீரென்ற வெயிலில் அவர் அப்படி நின்றதைப் பார்த்து பஸ் ஜன்னலிலிருந்து ஒருத்தி கூவினாள்: "சாகேப், கோட்டைக் கழட்டுங்க! எங்க ஊர் வந்தாச்சு!"

மேடம் கூடச் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஷாலன் சிரிக்கவில்லை. கருகிய கம்பங்கொல்லைப் பக்கம் கையைக் காட்டி, "இதுதான் மேடம், எங்களுக்குப் போதுமான மழை" என்றாள்.

ஐந்து நாளில் டேங்கர் வந்தது. பத்தாம் நாள் தீவன முகாம் திறந்தது. வீட்டுக்கு ஐந்து மாடுதான் என்றார்கள். ஷாலன் அதற்கும் சண்டை போட்டாள், ஆனால் அதில் ஜெயிக்கவில்லை. டப்பாவுக்குச் சட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. சர்க்கிள் சாகேபுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு ஊருக்கு நல்ல பதவியிலேயே போனார். எங்கள் பக்கத்துக்குத் தனி மழைமானி வர இன்னும் இரண்டு வருடம் பிடித்தது. அந்த இரண்டு வருடமும் அவள் மலை ஏறி இறங்கினாள்.

கருவியை நட வந்தவர்கள் பஞ்சாயத்துக் கட்டடத்தை ஒட்டி, வேப்ப மரத்தடியில் குழி தோண்டினார்கள். நிழலாக இருந்ததுதான் காரணம். ஷாலன் போய் அந்தக் குழிக்குள் இறங்கி நின்றுகொண்டாள்.

"குடை பிடிச்சுட்டு நிக்கற கருவி என்னத்தை அளக்கும்? அந்தா, வெட்டவெளி. அங்க நடு."

"எங்களுக்குக் கொடுத்த படத்துல இங்கதான் போட்டிருக்கு."

"அப்ப என்னையும் சேத்து நட்டுட்டுப் போ."

வெட்டவெளியில் நட்டார்கள்.

அடுத்த வருடம் மழை நன்றாகப் பெய்தது. எங்கள் பக்கத்துக்கு அது அபூர்வம். புதுக் கருவி அதையும் ஒழுங்காகப் பதிவு செய்தது, டேங்கர் நின்றுபோனது. சர்ஜேராவ் அலுத்துக்கொண்டான். "பாத்தீங்களா அண்ணி, நாமளே கேட்டு வாங்கின கருவி நம்மையே மாட்டிவிட்டுது."

"கம்பு கதிர் தள்ளி நிக்குது. டேங்கர் எதுக்குடா உனக்கு, குளிக்கவா?"

போன மே மாதம் தெற்கே இன்னொரு குன்றுக்குப் பின்னால் இருக்கிற மூன்று ஊரிலிருந்து ஆட்கள் அவள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்கும் இதே கதை, கருவி குன்றுக்கு அந்தப் பக்கம். எங்களுக்கும் அளந்து கொடுங்கள், டப்பாவை நாங்கள் வாங்கி வைத்திருக்கிறோம் என்றார்கள். நானும் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஷாலன் அவர்கள் போட்டிருந்த புதுச் செருப்புகளை ஒருமுறை பார்த்தாள்.

"டப்பா எல்லாக் கடையிலும் கெடைக்கும். தினம் மலை ஏறக் கால் இருக்கா?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் கூட்டத்தில் இருந்த ஒரு பெண், "இருக்கு அக்கா" என்றாள்.

"அப்ப ஜூன் ஒண்ணாந்தேதி வர்றேன். முதல் நாள் மட்டும் கூட நடப்பேன்" என்றாள் ஷாலன்.